மண்டை மூடாத கோழி

என் மனைவியின் இடது புருவத்துக்கு மேலே மூன்று தையல் போட்ட தழும்பு இருக்கிறது. ஆஸ்பத்திரியில் தாதி கேட்டபோது, கோழிக்கூட்டுக் கதவு இடித்துவிட்டது என்று சொன்னாள். கதவு ஒன்றும் இடிக்கவில்லை. நான் உதைத்த அலுமினியச் சட்டி பறந்துபோய் அவளில் பட்டது. எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் கோழி வளர்த்த கதையைச் சொல்ல வெளிக்கிட்டு, இதை மட்டும் ஒளித்தால் மிச்சமெல்லாம் பொய்யாகிவிடும்.

எங்கள் வளவு உருத்திரபுரத்தில், வாய்க்காலை ஒட்டி இருக்கிறது. நான் வயல் செய்கிறவன். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஒரே மகள் கல்யாணம் முடித்து வவுனியாவில் இருக்கிறாள். அவள்தான் ஒரு நாள், ஓட்டை போட்ட மட்டைப்பெட்டி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள். திறந்தால் உள்ளே நாலு பஞ்சுப் பொதிகள் அசைந்தன.

“இதென்ன, கோழியோ பூனையோ?” என்று கேட்டேன்.

“சில்க்கி அப்பா. பட்டுக்கோழி எண்டும் சொல்லுவினம். அம்மாவுக்குக் கொண்டந்தனான்,” என்றாள். அம்மாவுக்கு என்பதை அவள் அழுத்திச் சொன்னது எனக்கு விளங்கியது. சின்ன வயதில் நான் தலை சொறியக் கையைத் தூக்கினாலும் அவள் தன் தலையைக் குனிந்து மூடிக்கொள்வாள். அந்தப் பிள்ளை எனக்கென்று கோழி கொண்டுவருமா?

நாலும் பேடுகள். வெள்ளை இரண்டு, கறுப்பு ஒன்று, மண்ணிறம் ஒன்று. இறகு என்று பெயர்தான், தொட்டால் முடி. முடியை விலக்கினால் தோல் கன்னங்கரேலென்று இருக்கும். காலில் நாலு விரலுக்குப் பதில் ஐந்து. தலைமுடி கவிந்து கண்ணை மூடிவிடுவதால், பக்கத்தில் பருந்து வந்து குந்தினாலும் அதுகளுக்குத் தெரியாது. மனைவி வாரத்துக்கு ஒருக்கால் சின்னக் கத்தரிக்கோலால் கண்ணைச் சுற்றி வெட்டிவிடுவாள். வெட்டி முடியும்வரை நான் கோழியை மடியில் வைத்துப் பிடித்துக்கொள்வேன். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. ஆனால் அவளுக்கு அதைச் சொன்னதில்லை.

இந்தச் சாதிக்கு அடைகாக்கும் பைத்தியம். முட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மூலையில் படுத்துவிடும்; தின்னாது, குடியாது. ஊர்க்கோழி காலம் தப்பி அடை கிடந்தால் எங்களிடம் வைத்தியம் இருக்கிறது. அதன் இறகையே பிடுங்கி மூக்கு ஓட்டைக்குள் செருகிவிடுவோம். அல்லது தண்ணீரில் தாழ்த்தி எடுப்போம். வெள்ளைப் பேடு ஒன்று முதல் முதல் அடை கிடந்தபோது நான் காலில் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டுபோய், கிணற்றடி வாளிக்குள் மூன்று தரம் அமத்தினேன். ஊர்க்கோழி என்றால் உதறிவிட்டு ஓடியிருக்கும். இது ஓடவில்லை. முடி முழுக்கத் தண்ணீரைக் குடித்து, உடம்பு பாதியாகச் சுருங்கி, நின்ற இடத்திலேயே சரிந்தது.

மனைவி ஓடிவந்து பறித்தாள். அடுப்படியில் துவாயால் துடைத்துத் துடைத்து இரண்டு மணித்தியாலம் கோழியும் கையுமாக இருந்தாள். “உங்களுக்கு மெதுவா ஒண்டும் செய்யத் தெரியாதோ?” என்று கேட்டாள். கோழிக்குக்கூட எனக்குப் பேச்சு விழுகிறதே என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

என்னிடம் ஒரு சேவல் இருந்தது. முட்டையிலிருந்து நான் பார்த்து வளர்த்தது. சிவப்பும் கறுப்பும் கலந்த உடம்பு, காலில் விரல் நீளத்துக்கு முள்ளு. கீரியைக் கலைத்திருக்கிறது. நாயின் மூக்கைக் கிழித்திருக்கிறது. பக்கத்து வளவு அக்கா எங்கள் வீட்டுக்குத் தடியோடுதான் வருவா. என்னை மட்டும் அது ஒரு நாளும் கொத்தவில்லை. நான் கூப்பிட்டால் ஓடிவந்து கையில் அரிசி தின்னும். ஊர் அதைத் திட்டத் திட்ட எனக்கு உள்ளுக்குள் பெருமை.

ஊர்ப்பேடுகள் அதற்குத் தப்பி ஓடப் பழகியவை. பட்டுக்கோழிகளுக்கு அது வருவதே தெரியாது. மேலே ஏறி, தலைமுடியை அலகால் பிடித்து இழுத்து, முதுகை நகத்தால் கிழித்துவிடும். தினமும் பின்னேரம் மனைவி மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துக் காயத்துக்குப் பூசுவாள். சேவலைக் கட்டி வையுங்கோ, இல்லாட்டி ஆருக்கும் குடுங்கோ என்று எத்தனையோ தரம் சொன்னாள்.

“கோழி மிதிச்சுக் குஞ்சு சாகுமோ?” என்று நான் சிரித்தேன்.

“மிதிக்கிறது தாய்க்கோழி எண்டால் சாகாது,” என்றாள்.

மார்கழியில் ஒரு காலை, நான் வயலால் வந்து கிணற்றடியில் மண்வெட்டி கழுவிக்கொண்டு நின்றேன். சேவல் வந்து, முன்பு நான் வாளிக்குள் அமத்திய அந்த வெள்ளைப் பேட்டின் உச்சியில் ஓங்கி ஒரு கொத்து. அது பக்கவாட்டில் விழுந்து காலை அடித்தது. பிறகு காலும் நின்றுவிட்டது. குசினிக்குள் நின்ற மனைவி கையில் கிடைத்த சட்டியோடு ஓடிவந்து, கோழியை அதால் மூடி, அகப்பைக் காம்பால் சட்டியின் முதுகில் தட்டத் தொடங்கினாள்.

எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்கிறதுதான். குஞ்சு மயங்கி விழுந்தால் சட்டியாலோ சிரட்டையாலோ மூடி மேலே தட்டுவார்கள். அந்தச் சத்தத்தில் போன உயிர் திரும்பும் என்று நம்பிக்கை. தட்டத் தட்ட எழும்பி ஓடின குஞ்சுகளை நானும் கண்டிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அந்தச் சத்தம் என் மண்டைக்குள் விழுந்தது. தண், தண், தண் என்று நிற்காமல்.

“நிப்பாட்டு!” என்று கத்தினேன்.

“பொறுங்கோ, இன்னும் கொஞ்சம்,” என்று அவள் தலை நிமிராமல் தட்டினாள்.

நான் எப்போது அங்கே போனேன் என்று தெரியாது. கால் சட்டியை உதைத்துவிட்டது. சட்டி எழும்பி அவள் நெற்றியில் அடித்து, கிணற்றுக்கட்டில் பட்டு உருண்டது. உள்ளே கிடந்த கோழியும் அந்த உதையில் இரண்டு முழம் தள்ளி விழுந்தது. அவள் முகத்தில் இரத்தம் வடிந்து ஒரு கண் மூடிக்கொண்டது. அந்த நிலையிலும் அவள் முதலில் கோழியைத்தான் தேடினாள்.

பங்கருக்குள் இருந்த ஞாபகம் வந்துவிட்டது என்று பக்கத்து வளவு அக்காவிடம் பிறகு சொன்னேன். முள்ளிவாய்க்காலில் பதுங்குகுழிக்கு மேலே தகரம் போட்டு மண் மூட்டை அடுக்கியிருந்தோம். செல் விழுகிற ஒவ்வொரு தரமும் அந்தத் தகரத்தில் கல்லும் மண்ணும் வந்து கொட்டுகிற சத்தம் இப்படித்தான் இருந்தது. நான் சொன்னதில் பொய் இல்லை. அக்கா கேட்டுவிட்டு, “அவளும் அந்தக் குழிக்குள்ளதானே இருந்தவள்?” என்றா. உண்மைதான். எனக்குப் பக்கத்தில், மகளை மடிக்குள் அமத்திக்கொண்டு, அதே தகரத்துக்குக் கீழேதான் இருந்தாள். அவள் இன்றுவரை ஒருவருக்கும் கை நீட்டியதில்லை. எனக்கோ முதல் செல் விழ முன்னமே கை முந்துகிற பழக்கம் இருந்தது.

தையல் போட்டுக்கொண்டு வந்த பின்னேரம் அவள் கதிரையில் இருந்து கதைத்தாள். குரலை உயர்த்தவில்லை.

“நான் சொல்லுறதைக் கேளுங்கோ. இனி உந்தக் கோழியளைத் தொடாதேங்கோ. இந்த வெள்ளை செத்துதெண்டால் நான் மகளிட்டைப் போயிடுவன். பிறகு வரமாட்டன்.”

முப்பது வருசத்தில் அவள் போகிறேன் என்று சொன்னது அதுதான் முதல் தரம். கத்திச் சொல்லியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவள் சொன்ன விதத்தில், சொன்னபடி போய்விடுவாள் என்று எனக்கு விளங்கிவிட்டது.

கோழி சாகவில்லை. ஆனால் மூன்றாம் நாள் கழுத்துத் திரும்பத் தொடங்கியது. முதலில் தலை ஒரு பக்கம் சரிந்தது. பிறகு முழுக்கத் திருகி, உச்சி நிலத்தையும் அலகு வானத்தையும் பார்த்தது. நடக்க வெளிக்கிட்டால் பின்னுக்குப் போய், கரணமடித்து விழும். தீனியைக் கொத்தப் பார்த்து வெறும் காற்றைக் கொத்தும்.

மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். இளம் பெண். கோழியின் உச்சியை விரல் நுனியால் தடவிப் பார்த்தார். மற்றக் கோழிகளுக்கு இப்படி இல்லையா, சளி இருக்கிறதா, தடுப்பு மருந்து போட்டதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு மனைவியைப் பார்த்து, “சட்டி கவிட்டுத் தட்டினனீங்களோ அம்மா?” என்றார்.

“ஓம்.”

“எல்லாரும் செய்யிறதுதான். ஆனா இந்தச் சாதியில சிலதுக்கு உச்சி எலும்பு முழுசா மூடாது. பச்சைப் பிள்ளையின்ர உச்சி மாதிரி. கொத்துப் பட்டாலும் தாக்கும், அதிர்ச்சி பட்டாலும் தாக்கும். எதாலை வந்ததெண்டு இப்ப சொல்லேலாது.” சொல்லிக்கொண்டே மனைவியின் நெற்றித் தையலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து மருந்து எழுதினார்.

விற்றமின் சொட்டு மருந்து ஒரு நாளைக்கு மூன்று தரம் கொடுக்க வேண்டும். அதோடு கஞ்சியில் முட்டை மஞ்சள்கரு கரைத்துச் சிறிஞ்சால் பருக்க வேண்டும். ஒவ்வொரு தரமும் தலையை நேராக்கிக் கொஞ்ச நேரம் மெதுவாகப் பிடித்திருக்க வேண்டும். மாதக்கணக்கும் ஆகலாம், சரிவராமலும் போகலாம் என்றார்.

திரும்பி வரும்போது மோட்டார் சைக்கிளில் நான் சொன்னேன்: “கேட்டியே? நீ தட்டினதாலயும் வந்திருக்குமாம்.”

பின்னால் அவள் மடியில் கோழிக்கூடையோடு இருந்தாள். வைத்தியர் சொன்னதில் எனக்கு வசதியான துண்டை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். இந்த உலகத்தில் என்னைப் போல ஒரு கேவலமான மனிசன் இல்லை என்று எனக்குத் தெரிந்தது, தெரிந்துகொண்டே சொன்னேன்.

அதற்குப் பிறகு அவள் ஒற்றை ஆளாக அந்தக் கோழியைப் பார்த்தாள். கூடைக்குள் துவாயை வளையமாகச் சுற்றி, சரியாதபடி நடுவில் இருத்துவாள். மருந்து நேரத்தில் அதை முழங்கால் இரண்டுக்கும் இடையில் வைத்து, ஒரு கையால் தலையைத் திருப்பி, மற்றக் கையின் பெருவிரலால் அலகைத் திறந்து, பல்லால் கடித்துப் பிடித்திருந்த சிறிஞ்சை மிச்ச விரல்களால் எடுத்துப் பருக்குவாள். இரண்டு ஆள் செய்கிற வேலை. நான் நாலடி தள்ளிக் குந்தியிருந்து பார்ப்பேன். கையை நீட்டினால் அவள் கோழியோடு மறுபக்கம் திரும்பிவிடுவாள்.

ஒரு நாள் வெயில் பட வேண்டும் என்று கூடையோடு முற்றத்தில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போனாள். மற்ற மூன்று பட்டுக்கோழிகளும் வந்து சுற்றிக்கொண்டன. கூடப் பிறந்ததுகள், ஒரு பெட்டிக்குள் வந்ததுகள். மண்ணிறப் பேடு திருகிய கழுத்தை ஒரு கொத்துக் கொத்தியது. கொத்திய இடத்தில் இரத்தம் பொட்டளவு வந்ததும் மூன்றும் பாய்ந்தன. கோழி இரத்தச் சிவப்பைக் கண்டால் விடாது. தலைமுடியைக் கொத்தாகப் பிடுங்கின, தோலை இழுத்தன. அதற்கு எழும்பவும் தெரியவில்லை, கத்தவும் தெரியவில்லை.

நான் விளக்குமாற்றோடு பாய்ந்து மண்ணிறத்துக்கு விட்டேன் ஒன்று. அது தூக்கி எறியப்பட்டு வேலியில் போய் விழுந்தது. கறுப்புக்கும் ஒன்று விட்டேன். அடியாத மாடு படியாது என்று சொல்லிச் சொல்லித்தான் என்னையும் வளர்த்தார்கள். நிமிர்ந்தால் குசினி வாசலில் மனைவி நிற்கிறாள்.

“கலைச்சாப் போகாதே?” என்று மட்டும் கேட்டாள். வந்து வெள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். மண்ணிறம் இரண்டு நாள் நொண்டியது.

அன்றைக்கு வாசலில் நின்ற அவள் முகத்தைப் பார்த்த பிறகு, ஏதாவது பெரிதாகச் செய்து காட்டினால்தான் இவள் போகமாட்டாள் என்று எனக்குத் தோன்றியது. எல்லாம் தொடங்கியது சேவலால். அவள் எத்தனை நாளாய்ச் சொன்னாள்? அடுத்த நாள் காலை அதைக் கூப்பிட்டேன். அது வழமைபோல ஓடிவந்து என் கையில் அரிசி தின்றது. தின்னும்போதே பிடித்து, செட்டை இரண்டையும் காலால் மிதித்து, கழுத்தை இழுத்து வெட்டினேன். கத்தி மொட்டை. இரண்டாம் தரமும் வெட்ட வேண்டியிருந்தது. அது என் காலுக்குக் கீழே கிடந்து அடித்த அடியில் நான் உடுத்திருந்த சாறம் முழுக்க இரத்தம். அந்தக் கோலத்தில் அதைக் காலில் பிடித்துக்கொண்டு குசினி வாசலில் போய் நின்றேன்.

“சரியே இப்ப?” என்றேன்.

அவள் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். இரத்தம் சொட்டுகிற நிலத்தைப் பார்த்தாள்.

“கட்டி வைக்கச் சொன்னனான். ஆருக்கும் குடுக்கச் சொன்னனான். வெட்டச் சொன்னனானோ?”

“உனக்காகத்தானே வெட்டினனான்.”

“எனக்காக எண்டு சொல்லாதேங்கோ,” என்று அவள் அழுதாள். சட்டி பட்டபோதும் அழாதவள், தையல் போடும்போதும் அழாதவள், நான் கொன்ற அந்தச் சேவலுக்காக, அவளுக்குக் கண்ணிலும் காட்டக்கூடாத சேவலுக்காக, கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். “நீங்கள் எனக்கெண்டு செய்யிறதெல்லாம் இப்பிடித்தான் முடியுது. எனக்கு உங்களைப் பாக்கப் பயமா இருக்கு. எப்பவும் பயம்தான். இண்டைக்குத்தான் சொல்லுறன்.”

அந்தக் கோழிக்கறியை நாங்கள் தொடவில்லை. பக்கத்து வளவு அக்கா சந்தோசமாக வாங்கிக்கொண்டு போனா. முத்தல், கொஞ்சம் கூடுதலாக அவிய வேண்டும் என்று சொன்னா.

சேவல் போனதோடு வளவு அடங்கும் என்று நான் நினைத்தேன். நடந்தது வேறு. அதுவரை பேடுகள் சண்டை பிடித்தால் இடையில் பாய்ந்து பிரித்துவிட்டது அந்தச் சேவல்தான். அது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. இப்போது ஊர்ப்பேடுகள் யார் பெரிது என்று ஒன்றையொன்று கொண்டையில் கொத்தி, விடிந்தால் இரத்தக்காடு. ஒரு பேட்டுக்குக் கண் போனது. நான் வலை அடித்து, பட்டுக்கோழிகளுக்குத் தனிக்கூடு போட்டேன். கூட்டைச் செய்யலாம், கோழியைத் தொடக்கூடாது என்பது எங்களுக்குள் ஏற்பாடாக இருந்தது.

தை பிறந்து சில நாளில் அவளுக்குச் சிக்குன்குனியாக் காய்ச்சல் வந்தது. ஊரில் பாதிப் பேருக்கு வந்தது. காய்ச்சல் விட்டாலும் மூட்டு விடவில்லை. மணிக்கட்டு வீங்கி, விரல்கள் மடங்காமல் நின்றன. தேத்தண்ணிக் கோப்பையைக்கூட இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துத்தான் தூக்கினாள். காலை மருந்து நேரத்தில் கோழியை எடுக்கப் பார்த்தாள். அது அவள் கையிலிருந்து நழுவிக் கூடைக்குள்ளேயே விழுந்தது. இரண்டாம் தரம் பார்த்தாள். மூன்றாம் தரம் சிறிஞ்சு விழுந்தது. அக்காவைக் கூப்பிட்டுப் பார்த்தாள். அக்காவும் காய்ச்சலில் கிடந்தா.

நான் நாலடி தள்ளிக் குந்தியிருந்தேன். எழும்பவும் இல்லை, கேட்கவும் இல்லை. அன்றைக்கு முழுக்க மருந்தும் கஞ்சியும் போகவில்லை. இன்னொரு நாள் போகாவிட்டால் கோழி செத்துவிடும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கோழி செத்தால் அவள் பெட்டி கட்டுவாள். நான் வாயைத் திறந்தால் அதட்டலாக வந்துவிடும் என்று பயந்து பேசாமல் இருந்தேன்.

“வாங்கோ,” என்றாள் அடுத்த நாள் காலை.

போய்ப் பக்கத்தில் இருந்தேன். கோழியை எடுத்து என் மடியில் வைக்கச் சொன்னாள். வைத்தேன். ஒரு பிடி சோறு அளவுக்குக்கூடப் பாரம் இல்லை. உச்சியில் விரலை வைத்தபோது, எலும்பு இல்லாத அந்த இடம் முடிக்குக் கீழே மெத்தென்று துடித்தது. என் கை நடுங்கத் தொடங்கியது. இத்தனை வருசம் எதையும் அடித்து உடைத்த கை, அந்தப் பொட்டு இடத்தில் படக்கூடாது என்று நடுங்கியது.

“மெதுவா,” என்று சொல்லி, அவள் தன் வீங்கின கைகள் இரண்டாலும் என் மணிக்கட்டுகளைப் பிடித்தாள். நடுக்கத்தை நிறுத்தப் பிடிக்கிறாள் என்று முதலில் நினைத்தேன். தலையை நேராக்கினேன், பிடி இறுகியது. அலகைத் திறந்தேன், இன்னும் இறுகியது. நான் அமத்தினால் அந்தக் கணத்திலேயே என் கைகளை இழுத்து எடுப்பதற்குப் பிடித்திருந்தாள். விரல் மடங்காத கைகளை அதற்காக எப்படியோ மடக்கியிருந்தாள். வலியில் அவள் உதடு வெளுத்திருந்தது.

“நோகேல்லையே?” என்று கேட்டேன்.

“நோகுது,” என்றாள். ஆனால் விடவில்லை.

சொட்டு மருந்து உள்ளே போனது. கோழி விழுங்கியது. அவள் சொன்ன நேரமெல்லாம் அதன் தலையை நேராகப் பிடித்திருந்தேன். அதன் கண் என்னைப் பார்த்ததோ இல்லையோ தெரியாது. எனக்குக் கண்ணீர் வந்து மூக்கு நுனியில் தொங்கியது. துடைக்க என்னிடம் கை இல்லை.

இப்போது அவள் விரல்கள் நன்றாக மடங்குகின்றன. வெள்ளையின் கழுத்து முக்கால்வாசி நிமிர்ந்துவிட்டது. தானே குனிந்து தீன் தின்னும். மருந்து மட்டும் இன்னும் நிற்கவில்லை, நாளுக்கு ஒரு தரம். அந்த நேரம் வந்தால் என்னைக் கூப்பிடுகிறாள். நான் கோழியை மடியில் வைக்கிறேன். அவள் எனக்கு எதிரே இருந்து, இன்றைக்கும் என் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொள்கிறாள்.